தம்பியின் ஈ.எஸ்.ஆர்.

முப்பத்து நான்கு வருஷம் நான் பார்த்த வேலை ரத்தம் எடுப்பது. 1978-ல் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன், 2012-ல் ஓய்வு பெற்றேன். எத்தனை ஆயிரம் பேர் கையில் குத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் ஒரே ஒரு ரிசல்ட் மட்டும் இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது. என் தம்பியுடையது. ஈ.எஸ்.ஆர். ஒரு மணி நேரத்துக்கு 62 மில்லிமீட்டர். வருஷம் 1987, சித்திரை மாசக் கடைசி.

போன ஐப்பசியில் தம்பி மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். மருந்தாளுநராக இருக்கிறாள். எடுத்த எடுப்பிலேயே, "பெரியப்பா, அப்பாவுக்கு அன்னிக்கு ஈ.எஸ்.ஆர். எவ்வளவு இருந்துச்சுன்னு ஒரு தடவை சொன்னீங்கல்ல?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப அப்பா செஞ்சதுக்கு ரத்தம்தான் காரணமா இருந்திருக்குமோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். தம்பியிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். பேர் மட்டும் போடவில்லை.

தம்பிக்கு இருப்பது பைபோலார் என்கிற இருமுனை மனநோய். சில மாசம் மனசு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், சில வாரம் எல்லை மீறி ஏறிவிடும். ஏறுகிற பக்கத்துக்கு மேனியா என்று பேர். முதல் தடவை வந்தது 1983-ல், அவனுக்கு இருபத்து நாலு வயது. மில்லில் கிளார்க் வேலை. ஒரு வாரம் தூங்கவே இல்லை. மழை வரப்போகிறது, விலை ஏறப்போகிறது என்று சம்பளம் முழுவதுக்கும் நாற்பது குடை வாங்கி வந்து திண்ணையில் அடுக்கினான். தெருவே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் மேல் அவனுக்குக் கோபம் வந்து ரேடியோவைத் தூக்கிப் போட்டு உடைத்தான். மதுரைக்குக் கூட்டிப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மூன்று மாசத்தில் சரியானான். சரியானதும் அப்பா சொன்னார்: "இனி எதுக்கு மாத்திரை? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போது இது வெளிய தெரிஞ்சா அசிங்கம்." நிறுத்தினோம். மருத்துவமனையில் வேலை பார்த்த நானும் வாய் திறக்கவில்லை.

1987-ல் மறுபடி ஏறியது. இந்தத் தடவை சபரிமலைக்குச் சொந்தமாக பஸ் விடப்போகிறானாம். வயல் பத்திரத்தைக் கொடுங்கள், அடகு வைக்க வேண்டும் என்று ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவை எழுப்பினான். அப்பா முடியாது என்றார். வார்த்தை தடித்தது. பிடித்துத் தள்ளிவிட்டான். அப்பா வாசற்படியில் விழுந்து கையை ஊன்ற, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது.

அக்கம்பக்கத்தார் நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். கிணற்றுக் கயிற்றை எடுத்துக் கட்டியது யார் என்றால், நான்தான். முடிச்சும் நான்தான் போட்டேன்.

விடிந்ததும் இருவரையும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அப்பா ஒரு பக்கம் கையைத் துண்டில் தொட்டில் கட்டிக்கொண்டு, தம்பி இன்னொரு பக்கம் கயிற்றோடு. டூட்டி டாக்டர் அவனுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லி எழுதினார். மணிக்கட்டு கயிறு அறுத்து வீங்கியிருந்ததால் முழங்கை மடிப்பில் நரம்பு தேடி நானே குத்தினேன். அவன் பேசிக்கொண்டே இருந்தான். ஊசி குத்தியது அவனுக்குத் தெரியவே இல்லை.

ஈ.எஸ்.ஆர். என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ரத்தத்தை உறையாமல் இருக்க சோடியம் சிட்ரேட் கலந்து, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்திவைப்போம். சிவப்பணுக்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் கணக்கு. உடம்பில் எங்காவது சீழோ, அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடும். அப்போது சிவப்பணுக்கள் காசு அடுக்கினது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடும். இளவயது ஆணுக்குப் பதினைந்துக்குள் இருந்தால் நாங்கள் கவலைப்பட மாட்டோம்.

அந்த ஒரு மணி நேரமும் குழாய்க்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். 62. வெள்ளணுக்கள் 14,200.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், "எங்கேயோ சீழ் இருக்குய்யா" என்று சொல்லி வாயைத் திறக்கச் சொன்னார். கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கோத்து ஈறு பந்து மாதிரி இருந்தது. கன்னம் வீங்கி மூன்று நாளாகியிருக்க வேண்டும் என்றார். வீட்டில் ஆறு பேர் இருந்தோம். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அவன் என்ன பேசுகிறான், என்ன செய்கிறான் என்று பார்த்தோமே தவிர, அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பல்லைப் பிடுங்கி, பென்சிலின் போட்டு, மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே லித்தியம் ஆரம்பித்தார்கள். ஆறு வாரத்தில் அப்பாவின் மாவுக்கட்டும் பிரித்தாயிற்று, தம்பியும் தெளிந்து வந்தான். ஆனால் அப்பா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "எலும்பு சேந்துருச்சு, மனசு சேரல" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

இப்போது தம்பி மகளின் கேள்விக்கு வருகிறேன்.

காய்ச்சல் வந்தால் நமக்கு என்ன ஆகிறது? படுக்கத் தோன்றும், பசிக்காது, யாராவது பேசினால் எரிந்து விழுவோம். கிருமி மூளைக்குள் போனதாலா இதெல்லாம்? இல்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்ற ரசாயனத் தூதுகளை ரத்தத்தில் அனுப்புகின்றன. இன்டர்லூகின்-6 என்பது அதில் ஒன்று. அது கல்லீரலைத் தட்டி எழுப்பி சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் செய்யச் சொல்லும். 1930-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது இந்த சி.ஆர்.பி. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே பேர்தான். இந்தத் தூதுகள் மூளைக்கும் சேதி சொல்கின்றன. அதனால்தான் உடம்புக்கு வந்தது மனசிலும் தெரிகிறது.

மனநோய்க்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டோ என்று டாக்டர்கள் யோசிப்பதும் புதிதல்ல. வியன்னாவில் வாக்னர்-யாரெக் என்ற மனநல மருத்துவர், சிஃபிலிஸ் மூளையைத் தாக்கிய நோயாளிகளுக்கு 1917-ல் மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தார். அதற்காக 1927-ல் நோபல் பரிசும் வாங்கினார். பென்சிலின் வந்த பிறகு அந்த வைத்தியம் மறைந்துவிட்டது. அது வேறு நோய், வேறு கதை. காய்ச்சலும் மனசும் பேசிக்கொள்ளும் என்ற நினைப்பு அவ்வளவு பழசு என்பதற்காகச் சொல்கிறேன்.

கோபத்தைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். பூனையின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியைத் தூண்டினால் அது சீறும். அங்கே இன்டர்லூகின்-1 என்ற தூதைச் செலுத்தினால் சீற்றம் இன்னும் சுலபமாகக் கிளம்புகிறது என்று அமெரிக்காவில் நியூஜெர்சி ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதர்களில், அடிக்கடி கட்டுக்கடங்காமல் கோபம் வெடிக்கும் கோளாறு உள்ளவர்களுக்கு சி.ஆர்.பி.யும் இன்டர்லூகின்-6-ம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதாக, சிகாகோவில் எமில் கொக்காரோ குழுவினர் 2014-ல் எழுதினார்கள். பைபோலார் நோயாளிகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்த ஒரு கட்டுரை 2016-ல் வந்தது. சி.ஆர்.பி. அவர்களுக்குப் பொதுவாகவே கொஞ்சம் கூடுதல், அதிலும் மேனியா ஏறியிருக்கும்போது இன்னும் கூடுதல் என்று அது சொன்னது. அடுத்த கேள்வி இயல்பாகவே வருகிறது: மேனியாவில் இருப்பவர்களிலும், கை ஓங்குகிறவர்களுக்கு அழற்சிக் கணக்கு இன்னும் ஏறியிருக்குமோ? ஆராய்ச்சியாளர்கள் இப்போது இதைத்தான் சி.ஆர்.பி., வெள்ளணு விகிதம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் தம்பி மகள் அனுப்பியதை வைத்துப் படித்தபோது எனக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அப்பாவைத் தள்ளியது தம்பி இல்லை, அந்தச் சீழ்ப் பல் என்று முடித்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் முப்பத்து நாலு வருஷம் குழாயைப் பார்த்த கண் சும்மா விடாது. என் டைரிகளை எடுத்துப் பார்த்தேன். 1994-ல் தம்பிக்கு மூன்றாவது தடவை மேனியா வந்தது. கை நடுங்குகிறது என்று லித்தியத்தைத் தானாக நிறுத்திவிட்டிருந்தான். வீட்டுக்காரர் ஸ்கூட்டரின் விளக்கை உடைத்தான், தடுக்கப் போன என் சட்டையைக் கிழித்தான். அப்போதும் ரத்தம் நான்தான் எடுத்தேன். ஈ.எஸ்.ஆர். 10. சி.ஆர்.பி. கறுப்பு ஸ்லைடில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு லேடெக்ஸ் விட்டு ஆட்டிப் பார்ப்போம். இருந்தால் மணல் மணலாகத் திரளும். திரளவே இல்லை. நெகடிவ். உடம்பில் ஒரு சீழும் கிடையாது, ஆனால் ஆக்ரோஷம் அதேதான்.

இன்னொன்றையும் டைரி சொன்னது. லித்தியம் சாப்பிடும் காலத்தில் அவனுடைய வெள்ளணுக்கள் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் என்று இருந்திருக்கின்றன. அன்றைக்கு நான் பயந்து போய் டாக்டரைக் கேட்டேன். லித்தியமே வெள்ளணுவைக் கூட்டும், பயப்படாதே என்றார். அதாவது அவன் நன்றாக, அமைதியாக இருந்த வருஷங்களில்தான் அந்தக் கணக்கு கூடுதலாக இருந்திருக்கிறது! சி.ஆர்.பி.யும் அப்படித்தான். சளி பிடித்தாலும் ஏறும், பீடி குடித்தாலும், தொப்பை இருந்தாலும் ஏறும், அடிபட்டாலும் ஏறும். பல பேரின் சராசரியில் தெரிகிற ஒரு வித்தியாசம், ஒரே ஒரு ஆளுக்கு ஜாதகம் எழுதாது. இவருக்கு மேனியா இருக்கிறது, இவர் நாளைக்கு அடிப்பார் என்று சொல்கிற ரத்தப் பரிசோதனை எந்த லேப்பிலும் கிடையாது. இதே நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யார் மேலும் கை வைக்காதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் 62 எதற்கும் உதவாத எண்ணா? அதுவும் இல்லை. பல்வலியில் அவன் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தானோ! தூக்கம் கெடுவது மேனியாவுக்கு எண்ணெய் ஊற்றுவது மாதிரி. ஏற்கெனவே எரிகிறவனுக்கு வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் பொறுமை எங்கே இருக்கும்? நெருப்பை அந்தப் பல் மூட்டவில்லை, ஆனால் விசிறியிருக்கலாம். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மூன்று தடவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஈ.எஸ்.ஆர். ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனவை இரண்டு. ஒன்று, தூக்கம் இல்லாத இரவுகள். மற்றது, அடங்கிய இடத்தில் அவனை எதிர்த்துப் பேசி, மறித்து நின்ற யாரோ ஒருவர். பின்னால் வந்த இரண்டு தடவைக்கும் முன்னால் மாத்திரையும் நின்றிருந்தது.

இதையெல்லாம் போன தை மாசம் தம்பி ஊருக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். அவனுக்கும் வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. காபியை ஆற்றிக்கொண்டே முழுவதும் கேட்டான். பிறகு சொன்னான்:

"அண்ணே, அப்பாவைத் தள்ளுனது பல்லு இல்ல, நான்தான். நோயிலதான் தள்ளுனேன், அது எனக்கும் தெரியும். ஆனா மன்னிப்புக் கேக்கணும்னா நான்தானே கேக்கணும்? சி.ஆர்.பி. வந்தா கேக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் அவனிடமிருந்து எதையோ பிடுங்கப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது.

அவன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். வாயால் இல்லை. 1996-ல் அப்பா படுக்கையில் விழுந்த கடைசி இரண்டு மாசமும் லீவு போட்டு வந்து, குளிப்பாட்டி, நகம் வெட்டி, எல்லாம் அவன்தான் பார்த்தான். அப்பா கண்ணை மூடிக்கொள்வார், பேச மாட்டார். இறப்பதற்கு நாலு நாள் முன்னால் ஒரு ராத்திரி, கஞ்சி ஊட்டிவிட்டு எழுந்தவனைப் பார்த்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டார்: "மாத்திரை போட்டியா?"

எதுக்கு மாத்திரை என்று கேட்ட அதே வாய்.

என் பங்குக்கும் ஒரு பாக்கி இருந்தது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோன செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றுக் கயிறுதான் கண் முன்னால் நின்றது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுகிறவரைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அன்று திண்ணையில் தம்பியிடம் கேட்டேன். "அன்னைக்கு உன்னைக் கட்டுனேன்ல, அதுக்கு என்னை மன்னிச்சிருடா." முப்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது. அவன் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "முடிச்சு மட்டும் நல்லா போட்டிருந்த" என்று சிரித்தான்.

என் வயதுக்காரர்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அனுபவத்தில் சொல்ல நாலு விஷயம் இருக்கிறது.

தூக்கம் குறைவதைக் கவனியுங்கள். இரண்டு மூன்று ராத்திரி தூங்காமல், அப்படியும் அசதியே இல்லாமல் சுற்றினால், கோபம் வரும்வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். 

மனநோய் இருக்கிறவருக்கும் பல் வலிக்கும், வயிறு வலிக்கும். திடீரென்று நிலைமை மோசமானால் உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் காசு செலவில்லை.

லித்தியம் சாப்பிடுகிறவர்கள் மூட்டு வலிக்கென்று கடையில் இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி விஷமாகிவிடும். அழற்சி கூடாது என்று படித்துவிட்டு அழற்சி மாத்திரையை அள்ளிப் போடுகிறவர்களுக்காக இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தாலும், திடீரென்று உப்பைக் குறைத்தாலும் அதே ஆபத்துதான். டாக்டரைக் கேளுங்கள்.

ஏறியிருக்கிற நேரத்தில் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். குரலைத் தாழ்த்தி, வழிவிட்டு நில்லுங்கள். குழந்தைகளையும் வயசானவர்களையும் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் இலவச மனநல எண் இருக்கிறது. எங்கள் காலத்தில் இல்லாத வசதி.

தம்பி மகளுக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: "ரத்தத்துக்கும் பங்கு இருக்கலாம்மா. ஆனா உங்கப்பா அதுக்குப் பின்னால ஒளிய மாட்டேங்குறான்." அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

தம்பிக்கு அவ்வப்போது லித்தியம் அளவு பார்க்க வேண்டும். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த டோஸுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். ஊரில் இருக்கும்போது நான்தான் கூடப் போகிறேன். போன தடவை லேப்பில் ஒரு சின்னப் பெண், புதிதாக வேலைக்கு வந்தவள் போலிருக்கிறது, நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்தாள். "பயப்படாம குத்தும்மா" என்றான் தம்பி. "எங்கண்ணன் கையால குத்து வாங்குனவன் நான். அன்னைக்கே வலிக்கல."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அசையாமல் இருக்கத்தான். அந்தப் பெண் ஒரே குத்தில் எடுத்துவிட்டாள்.